மூளையுள்ள கட்டடம்

அத்தியாயம் 9: பதினேழாம் மாடி

லாசரஸின் கணக்கில் மனிதர்கள் இரண்டே வகை. கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள். முதல் வகையில் அவர் தன்னை மட்டுமே சேர்த்திருந்தார். அந்தக் கம்ப்யூட்டரில் தன் பெயரைத் தட்டுவதற்கே அவருக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்ற செய்தி அலுவலகத்தைத் தாண்டி வெளியே வந்ததில்லை.

செசில் ஸ்திரீட்டில் இருக்கும் இருபத்திரண்டு மாடி சன்ரிட்ஜ் டவருக்கு அவர் மேனேஜர். போன வருஷம் அங்கே கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்ததையும், ஏர்கான், விளக்கு, லிஃப்ட், தீ அலாரம் எல்லாவற்றின் கடிவாளமும் லாபிக்குப் பின்னால் உள்ள ஒரே அறைக்குப் போய்ச் சேர்ந்ததையும், மின்சாரச் செலவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததையும் வாராவாரம் படித்து வருபவர்கள் அறிவார்கள். டெக்னிஷியன்களை வீட்டுக்கு அனுப்பியதையும் அறிவார்கள். அப்படிப் போனவர்களில் ஒருவர் ஜார்ஜ். லாசரஸின் மனைவி அருள்ஜோதிக்குக் கூடப்பிறந்த அண்ணன். அதற்குப் பிறகு அவர் பிடோக்கில் இருக்கும் லாசரஸ் வீட்டுப் பக்கம் வரவில்லை.

இன்றுதான் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு இது போதும். வெள்ளிக்கிழமை காலைக்குப் போவோம்.

லாசரஸ் கண்ணாடி முன்னால் நின்று டையை மறுபடியும் அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஹாங்காங்கிலிருந்து கட்டடத்தின் முதலாளிகள் வருகிறார்கள். அவர்களுக்குக் கம்ப்யூட்டரைக் காட்டி மயக்கி, அவர்களுடைய மற்ற கட்டடங்களுக்கும் தானே மேனேஜர் ஆகிவிடுவதாக உத்தேசம்.

"நாளைக்கு டின்னருக்கு நாகூர் கனி வர்றாரு, ஒய்ஃபோட. தேக்கா மார்க்கெட்ல ஹலால் கடையா பாத்து மட்டன் வாங்கு. உங்க அண்ணன் வீட்டுச் சமையல் மாதிரி எதையாச்சும் வச்சு மானத்த வாங்காத," என்றார்.

நாகூர் கனி கம்பெனியின் தலைமை எஞ்சினியர். லாசரஸ் தன் குரலை அடக்கிப் பேசும் ஒரே மனிதர்.

"அவங்களுக்குக் காரம் ஒத்துக்குமா?" என்று கேட்டாள் அருள்ஜோதி.

"அதெல்லாம் உனக்கெதுக்கு? சமைச்சு வை. பேசறத நான் பேசிக்கறேன்."

சாப்பாட்டு மேஜையருகே நின்றபடியே ரொட்டியில் காயா ஜாம் தடவித் தின்றுகொண்டிருந்த அற்புதமேரி தலையை நிமிர்த்தவில்லை. அவள் அருள்ஜோதியின் தங்கை. பாலிடெக்னிக் படித்தவள். சன்ரிட்ஜ் டவரின் கம்ப்யூட்டரை உண்மையில் இயக்குகிறவள் அவள்தான். வேலை வாங்கிக் கொடுத்தது அத்தான். அதை அவர் நாளுக்கு ஒரு முறையாவது, முடிந்தால் மூன்றாம் மனிதர் முன்னிலையில், ஞாபகப்படுத்திவிடுவார்.

இருவரும் ஒரே கட்டடத்துக்குத்தான் போகிறார்கள். ஆனால் லாசரஸ் காரில் போவார், அவள் பஸ்ஸில். ஸ்டாஃபைக் காரில் ஏற்றினால் டிசிப்ளின் கெட்டுவிடும் என்பது அவர் சித்தாந்தம்.

* * *

கண்ட்ரோல் ரூமில் குளிர் அதிகம். அது கம்ப்யூட்டருக்கான குளிர். மனிதர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அற்புதமேரி திரையில் ஓடும் பச்சை எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த மாடி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது, எந்த லிஃப்ட் எங்கே நிற்கிறது, எந்த மாடியில் விளக்கு வீணாக எரிகிறது, எல்லாம் அதில் வரும். முன்பு ஆட்கள் மாடி மாடியாக ஏறி இறங்கிப் பார்த்ததை இப்போது உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். அவளுக்கு இந்த வேலை பிடித்திருந்தது. அதை அத்தானிடம் மட்டும் காட்டிக்கொள்ளமாட்டாள்.

லாசரஸ் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார்.

"மேரி, அந்தப் பதினேழாம் மாடி அலாரத்த எடுத்துவிடு. விசிட் முடியட்டும், அப்புறம் போட்டுக்கலாம்."

பதினேழாம் மாடியில் ஒரு ஆபீஸைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். மரத்தூசி கிளம்பி, புகையென்று நினைத்து அலாரம் அடித்து, அந்த வாரத்திலேயே இரண்டு முறை கட்டடம் முழுக்கப் படியிறங்கி ரோட்டில் நின்றது. வாடகைக்கு இருந்தவர்கள் லாசரஸைப் போனில் கிழித்திருந்தார்கள்.

"சார், அத எடுத்துட்டா அந்த மாடியில நெஜமாவே புகை வந்தாலும் கம்ப்யூட்டர் ஒண்ணும் செய்யாது. ஃபேன் நிக்காது. லிஃப்ட்டையும் கீழ கொண்டு வராது."

"எனக்கே பாடமா?"

"இல்ல சார். அப்ப ஒரு ஆள மேல நிறுத்துங்க. கண்ணால பாத்துக்கட்டும்."

"எந்த ஆள? எல்லாரையும்தான் அனுப்பியாச்சே. மூளை இருக்கிற கட்டடத்துக்குக் காவக்காரன் வைக்கணும்னு சொல்ற பாரு, நீயெல்லாம் பாலிடெக்னிக் படிச்சு என்ன பிரயோசனம்?"

"நீங்க சொன்னதா ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க சார்."

லாசரஸ் அவளைப் பார்த்தார். கோபம்கூட இல்லை. தட்டில் இருந்த மீன்முள் பேசினால் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார்.

"என் வீட்டுச் சோத்தத் தின்னுட்டு என்கிட்டயே எழுத்து கேக்கறியா? தட்டு லா."

அவள் தட்டினாள். பக்கத்திலிருந்த பிரின்டர் கரகரவென்று ஒரு வரி அடித்தது. எந்த மாடி, எத்தனை மணி, யார். யார் என்ற இடத்தில் அவள் பெயரின் இரண்டு எழுத்து விழுந்தது. அந்த இயந்திரத்துக்கு விரல்தான் தெரியும். வாய் தெரியாது.

லாசரஸ் டையைச் சரிசெய்துகொண்டு போனார். அற்புதமேரிக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. 'முடியாது' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் இரவு அக்கா தலையில் அது விடியும். அதற்காகத்தான் தட்டினாள்.

* * *

முதலாளிகள் வந்து, மேல்மாடியில் காப்பி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் திரையில் ஓர் எண் நகர ஆரம்பித்தது.

பதினேழாம் மாடிக்குப் போகும் ஏர்கான் காற்றின் சூடு. குளிர்ந்து வர வேண்டிய காற்று. ஒவ்வொரு முறை திரை புதுப்பிக்கும்போதும் எண் ஏறியது. தூசியால் அலாரம் ஏமாறலாம். சூட்டுமானிக்குத் தூசியோடு சம்பந்தம் கிடையாது.

அவள் வாக்கிடாக்கியை எடுத்தாள்.

"சார், பதினேழாம் மாடி காத்து சூடாயிட்டே போகுது. யாராச்சும் போய்ப் பாக்கணும்."

மறுமுனையில் பீங்கான் கோப்பைகளின் சத்தம். லாசரஸ் யாரிடமோ ஆங்கிலத்தில் குழைந்து ஏதோ சொல்லிச் சிரித்தார். பிறகு தமிழில், பல்லைக் கடித்தபடி: "சென்சார் கோளாறா இருக்கும். எதையும் தொடாத. இவங்கள இப்ப கீழ கூட்டிட்டு வரப்போறேன். ஸ்கிரீன்ல ஒரு சிவப்பு எழுத்து இருக்கக் கூடாது. புரியுதா?"

அதே சமயம் மேஜை மேலிருந்த டெலிபோன் அடித்தது. தேக்கா மார்க்கெட்டின் பொது டெலிபோனிலிருந்து அருள்ஜோதி.

"மேரி, அவங்க ரெண்டு பேரத் தவிர வேற யாரும் வர்றாங்களான்னு அத்தான் சொல்லவே இல்ல. மட்டன் எவ்வளவு வாங்கட்டும்னு ஒரு வார்த்த கேட்டுச் சொல்லேன்."

"அக்கா, போன வை."

அவள் தன் அக்காவிடம் அப்படிப் பேசியதே இல்லை. மார்க்கெட் இரைச்சலுக்கு நடுவே அருள்ஜோதி டெலிபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அது செத்துப்போயிருந்தது.

எண் இன்னும் ஏறியது. தொடாதே என்று சொல்லியிருக்கிறார். காலையில் தட்டு என்று சொன்னதும் அதே வாய்தான். ஒரே நாளில் இரண்டாவது தடவை அந்த வாய்க்குக் கீழ்ப்படிய அற்புதமேரிக்கு மனம் வரவில்லை.

எடுத்த அலாரத்தைத் திரும்பப் போட்டாள்.

அடுத்த கணம் திரை முழுக்கச் சிவந்தது. கட்டடம் ஊளையிட்டது. பதினேழாம் மாடியின் காற்றாடி நின்றது. எல்லா லிஃப்ட்டும் போகிற இடத்தை விட்டுவிட்டுக் கீழே இறங்க ஆரம்பித்தன. பூட்டிய கதவுகள் தாமாகத் திறந்தன. படிக்கட்டுக்குள் சுத்தமான காற்றைத் தள்ளும் ஃபேன் ஓடத் தொடங்கியது. அது கற்றுக்கொண்ட பாடத்தில் ஒரு வரி தவறவில்லை. காலையிலிருந்தே இதைச் செய்யக் காத்திருந்த இயந்திரத்தைத்தான் வாயைக் கட்டி உட்கார வைத்திருந்தார்கள்.

மேலே நடந்தது இதுதான். ஏர்கான் அறையில் மோட்டாரின் பெல்ட் தேய்ந்து கருகித் தீப்பிடித்துவிட்டது. யாரும் நிறுத்தாததால் காற்றாடி அந்தக் கரும்புகையைக் குழாய் வழியாக மாடி முழுக்க ஊதிக்கொண்டிருந்தது. புதுப்பிக்கும் வேலையாட்கள் இருமிக்கொண்டே படியில் ஓடிவிட்டார்கள்.

ஓடாமல் நின்றது செல்லக்கண்ணு மட்டும். கழிவறைகளைக் கழுவும் பெண்மணி. முழங்கால் வலி. படியிறங்க முடியாதென்று லிஃப்ட்டுக்குள் போய் நின்று பட்டனை அழுத்தினாள். கதவு மூடவில்லை. கதவின் இடையில் ஆள் நிற்கிறார்களா என்று பார்க்கும் ஒரு ஒளிக்கதிர் உண்டு. புகை அதை மறைத்துவிட்டது. யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்து லிஃப்ட் மரியாதையாகக் கதவைத் திறந்தே வைத்திருந்தது. லிஃப்ட்டுக்குள் இருந்தால் பத்திரம் என்று நம்பி அந்த அம்மாள் புகையைக் குடித்துக்கொண்டு நின்றாள்.

அலாரம் திரும்ப வந்ததும் லிஃப்ட் அந்தக் கதிரைப் பொருட்படுத்துவதை நிறுத்தி, கதவைச் சாத்தி, நேரே கீழே வந்தது.

சத்தம் கேட்டு அற்புதமேரி வெளியே ஓடி வந்தபோது லாபியில் லிஃப்ட் கதவு திறந்தது. கவிழ்ந்த வாளிக்குப் பக்கத்தில் செல்லக்கண்ணு கிடந்தாள். மூக்கையும் வாயையும் சுற்றிக் கரி படிந்திருந்தது.

"அம்மா, என்னப் பாருங்க. மேரி வந்திருக்கேன். கண்ணத் தொறங்க."

செல்லக்கண்ணு கண்ணைத் திறந்தாள். பேச முயன்றாள். குரல் வரவில்லை.

* * *

தீயணைப்பு வண்டி வந்து, ஆம்புலன்ஸ் போன பிறகுதான் முதலாளிகள் படியிறங்கி முடித்தார்கள். லாசரஸின் டை ஒரு தோளுக்குப் போயிருந்தது. படிக்கட்டில் துளிப் புகை இல்லாததில் ஹாங்காங்காரர்களுக்கு மிகுந்த திருப்தி. அவர்களில் மூத்தவர் லாசரஸின் கையைப் பிடித்துக் குலுக்கி, பிரமாதமான சிஸ்டம் என்று பாராட்டினார்.

லாசரஸ் நன்றி சொன்னார். சற்று முன்புதான் அந்த லாபியிலிருந்து ஒரு மனுஷியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். கவிழ்ந்த வாளித் தண்ணீரில் தன் ஷூ நனையாமல் ஒதுங்கி நின்றபடி நன்றி சொன்னார்.

முதலாளிகளோடு வந்திருந்த நாகூர் கனி பாராட்டுகளில் கலந்துகொள்ளவில்லை. ஜும்மா தொழுகைக்குப் போக வேண்டியவர், போகாமல் கண்ட்ரோல் ரூமில் நின்று பிரின்டர் தாளைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். லாசரஸ் உள்ளே வந்ததும் தாளை நீட்டினார்.

"காலையில பதினேழாம் மாடி அலாரத்த எடுத்திருக்கு. புகை வந்தப்புறம் திரும்பப் போட்டிருக்கு. ரெண்டுலயும் ஏ.எம்.னு இருக்கு. யாரு அது?"

"ஆபரேட்டர் சார். என் ஒய்ஃபோட தங்கச்சி. சொந்தக்காரப் பொண்ணாச்சேன்னு பாவம் பாத்து வேலைக்கு வச்சேன். தூசி அலாரம் தொந்தரவா இருக்குன்னு தானாவே எடுத்துட்டா போல. பயந்து திரும்பப் போட்டிருக்கா."

அவள் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள். இல்லாத ஆளைப் பற்றிப் பேசுவது போல அவர் பேசினார்.

கனி அவள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க, மிஸ்."

"நான்தான் தட்டினேன் சார்."

"அது இந்தப் பேப்பர்லயே இருக்கு. யாரு சொல்லித் தட்டினீங்கன்னு கேக்கறேன்."

அற்புதமேரி வாயைத் திறப்பதற்குள் லாசரஸ் நடுவில் வந்துவிட்டார். "பொண்ணு ஷாக்ல இருக்கு சார். திங்கட்கிழமை நானே முழு ரிப்போர்ட்டும் குடுத்துடறேன்."

"ரிப்போர்ட் வேணாம். திங்கட்கிழமை காலையில ரெண்டு பேரும் என் ரூமுக்கு வாங்க. தனித்தனியா." கனி தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அந்தம்மா எப்படி இருக்காங்கன்னு ஆஸ்பத்திரிக்கு யாராச்சும் போன் பண்ணினீங்களா?"

யாரும் பண்ணியிருக்கவில்லை.

* * *

அற்புதமேரி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வீடு திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. லாசரஸ் பனியனோடு மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நல்ல பசி போலும்.

"உக்காரு," என்றார். "யோசிச்சு ஒரு முடிவுக்கு வந்துட்டேன்."

அவள் உட்காரவில்லை.

"திங்கட்கிழமை கனிகிட்ட, நான்தான் எடுத்தேன், தப்புதான்னு சொல்லிட்டு ராஜினாமா குடுத்துடு. கல்யாணம் நிச்சயமாயிருக்குன்னு சொல்லிக்கலாம். நான் ஒரு நல்ல சர்ட்டிஃபிகேட் தர்றேன். ஆறு மாசம் கழிச்சு வேற எடத்துல சேத்துவிடறேன். பொம்பளப் புள்ள, நாலு நாள் பேசுவாங்க, மறந்துடுவாங்க."

"நீங்க சொல்லித்தானே அத்தான் தட்டினேன்?"

"ஆமா, நான்தான் சொன்னேன். யாரு இல்லேன்னது?" லாசரஸ் குழம்பைச் சோற்றில் பிசைந்தார். "வேற எப்படி? வந்தவங்க முன்னாடி தூசிக்கு மணி அடிச்சு என் மானம் போகணுமா? சூடாவுதுன்னு நீ சொன்னப்பவும் தொடாதன்னேன். அதுவும் நான்தான். வீட்டுக்குள்ள ஒத்துக்கறதுல எனக்கென்ன நஷ்டம்? திங்கட்கிழமை அங்க சொல்லமாட்டேன், அவ்வளவுதான். ரூம்ல இருந்தது நீயும் நானும். உன் வார்த்தைய எவன் நம்புவான்?"

அருள்ஜோதி பக்கத்தில் நின்று கரண்டியில் குழம்பை எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் இருக்கிறாளே என்று அவர் ஒரு சொல்லைக்கூட விழுங்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவளுக்காக அவர் குரலைத் தாழ்த்தியது கிடையாது. அலமாரிக்கு எதிரே யார் ரகசியம் பேசுவார்கள்?

"அந்தம்மாவுக்கு எப்படி இருக்கு?" என்று தங்கையைக் கேட்டாள் அருள்ஜோதி.

"ஆக்சிஜன் வச்சிருக்காங்க அக்கா. நெஞ்சு முழுக்கப் புகையாம். டாக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாரு. மக வந்து உக்காந்திருக்கு, அதுக்குக் கல்யாண வயசு. வேற யாருமில்ல."

"க்ளீனருக்கெல்லாம் இன்சூரன்ஸ் இருக்கு," என்றார் லாசரஸ். "அப்பளம் இருக்கா?"

அருள்ஜோதி அப்பளத்தை எடுத்து வைத்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மேரி, திங்கட்கிழமை என்ன சொல்லப்போற?"

"தட்டினது நான், சொன்னது அத்தான்னு சொல்லுவேன். நான் தட்டியிருக்கக் கூடாது. அதையும் சொல்லுவேன். வேல போனாப் போகட்டும்."

"சொல்லிப் பாரு," என்றார் லாசரஸ் அப்பளத்தை நொறுக்கியபடி. "அருள், உன் தங்கச்சிக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லு. நான் விழுந்தா இந்த வீடு நிக்குமா? வீட்டு லோன யாரு கட்டுவா, உங்க அண்ணனா?"

அதில் மட்டும் பொய் இல்லை. அருள்ஜோதிக்கு அது தெரியும். வேறு வருமானம் கிடையாது. மூத்தவன் தேசிய சேவை என்று பட்டாளத்தில் இருக்கிறான், இளையவள் பள்ளிக்கூடத்தில். இந்தச் சுவர்கள், இந்த மேஜை, இவர் தின்னும் அப்பளம், எல்லாம் இவர் சம்பளம். இத்தனை வருஷமும் இதைத்தான் சொல்லிச் சொல்லி அவள் வாயை அடைத்திருந்தார். ஜார்ஜ் அண்ணன் வேலை போய்த் தெருவில் நின்றபோதும் இதைச் சொல்லித்தான் அடைத்தார். அன்று அவள் அடங்கினாள்.

கையைக் கழுவி, சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள். டெலிபோனை எடுத்தாள்.

"டின்னர வேணாம்னு சொல்லிடாத," என்று லாசரஸ் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "வரட்டும். வயிறு நெறஞ்சா மனுஷன் கொஞ்சம் இளகுவான்."

மறுமுனையில் கனியின் மனைவி எடுத்தாள்.

"ரஷீதாங்களா? நான் அருள்ஜோதி. லாசரஸ் வீட்டிலேருந்து பேசறேன்."

"சொல்லுங்க அக்கா. நாளைக்கு வர்றதப் பத்தியா?"

"இல்லங்க. நாளைக்கு இங்க விருந்து எதுவும் வேணாம். மன்னிச்சுக்குங்க. கனி சார்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"தொழுதுட்டிருக்காங்க. முக்கியமானதா?"

"முக்கியந்தான். முடிச்சுட்டு வரட்டும், நான் இப்படியே இருக்கேன்."

சோற்றுக் கையோடு லாசரஸ் ஹால் வாசலில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் அற்புதமேரி.

"கனிகிட்ட உனக்கென்ன பேச்சு?"

அருள்ஜோதி டெலிபோனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். "நீங்க இப்ப சாப்பிடும்போது சொன்னீங்களே, அதத்தான். உள்ளது உள்ளபடி."

"பைத்தியமா உனக்கு? உன் தலையிலயே மண்ண அள்ளிப் போட்டுக்கறியா?"

"ஆமா."

அவர் ஒரு அடி முன்னால் வந்தார். சோற்றுப் பருக்கை ஒன்று விரலிலிருந்து தரையில் விழுந்தது. பறித்துவிடலாமா என்று யோசிப்பது அவர் முகத்தில் தெரிந்தது. அற்புதமேரி நகர்ந்து இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

லாசரஸ் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு, மனைவியிடம் பேசும்போது வாழ்க்கையில் முதல் தடவையாக, குரலைத் தாழ்த்தினார்.

"அருள், வச்சிடு. காலையில பேசிக்கலாம்மா."

அந்த 'ம்மா'வைக் கேட்டு அருள்ஜோதி அவரைப் பார்த்தாள். பயமில்லை. கோபமும் இல்லை. இருபது வருஷம் இந்த ஆளுக்கா பயந்தோம் என்ற எரிச்சல்தான் இருந்தது.

டெலிபோனில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. யாரோ கை மாற்றி வாங்கினார்கள்.

"சொல்லுங்கம்மா," என்றது நாகூர் கனியின் குரல். "நானே உங்க வீட்டுக்குப் போன் பண்ணணும்னு இருந்தேன். ஆஸ்பத்திரியிலேருந்து இப்பத்தான் தகவல் வந்துச்சு."

அருள்ஜோதி பொத்தியிருந்த கையை எடுத்தாள்.